இருவர் எழுப்பிய சுவர்

12 அக்டோபர் 1996, சனி

விடியற்காலையிலிருந்து மழை. சாக்கடை நிரம்பி, கடைகளின் முன் அஞ்சடி நடைபாதை வரை தண்ணீர். பத்திரிகை நனைந்து வந்தது.

இன்றைக்கு: நகராண்மைக் கழகக் கூட்டக் குறிப்பை முடிப்பது. தீபாவளி மலருக்குக் கட்டுரை (ஒரு வரிகூட இல்லை). குடைக்குக் கம்பி. பூன் லெங்கின் அம்மா.

கடைசியானதை முதலில் முடித்தேன். அவர் ஆள் அனுப்பியிருந்தார். பூன் லெங், என் மகன் சேரனின் நண்பன். பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலை, இருவரும் டெக்னிஷியன்கள். போன மாதம் வேலைக்குப் போகும் வழியில், மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இறந்துபோனான். இருபத்தாறு வயது. எங்கள் பத்திரிகைக்கு நான்தான் எழுதினேன். நான்கு வரி. பெயர், வயது, இடம், நேரம்.

அவன் அம்மா கார்னவன் ஸ்திரீட் பக்கத்துச் சந்தில் காலையில் பீஹூன் (அரிசிச் சேமியா) விற்கிறார். நான் ‘ஆ சோ’ என்பேன், ஹொக்கியன் சீனத்தில் அண்ணி. சிறுவயதில் சந்தில் விளையாடிக் கற்ற ஹொக்கியன், இன்னும் போகவில்லை. கடை ஓய்ந்திருந்தது. எனக்குக் கோப்பி வைத்துவிட்டு ஏப்ரன் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். அட்டையில் கறுப்பு மையில் இரண்டு பெயர்கள். ஒன்று அவர் மகன், ஒன்று என் மகன். வேறு எழுத்து இல்லை.

“சூராட் காபார்,” என்றார். (பத்திரிகைக்கு மலாய்ச் சொல். எனக்கு அவர் வைத்த பெயரும் அதுதான்.) “ரெண்டு பேரும் சேந்து செஞ்சது இதுதானாம். ஏழாவது வாரச் சடங்குல எரிச்சி அவனுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். தாள்ல செஞ்ச ரேடியோ வாங்கியாச்சி. ஆனா இதுக்குள்ள உங்க பையனும் இருக்கானே.”

புரிந்தது. உயிரோடிருப்பவரின் பொருளை இறந்தவருக்கு அனுப்பக்கூடாது. படமானாலும் சட்டையானாலும் சரி. பொருள் போனால் உடையவனையும் இழுக்கும் என்பது இவர்கள் பயம்.

“சேரன்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘முழுசா எரிச்சிருங்க ஆண்டி’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சிப் போயிட்டான். நான் எப்படி முழுசா எரிக்கிறது? நீங்க பேட்டி எடுக்கிற ஆளு, மிஷின் தெரிஞ்ச ஆளு. என் பையனோட பங்க மட்டும் தனியா எடுத்துக் குடுங்க.”

எடுத்துத் தருவதாகச் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கோப்பிக்குக் காசு வாங்கவில்லை.

குடைக் கம்பி மறந்தது.

14 அக்டோபர், திங்கள்

மழை இல்லை, புழுக்கம். அலுவலகத்திலிருந்து மதியமே வந்துவிட்டேன். பேட்டிக்குக் கொண்டுபோகும் என் சிறிய டேப் ரெக்கார்டரில் போட்டேன்.

எதிர்பார்த்தது: கிட்டார், பாட்டு, இளைஞர்கள் கத்துவது. சேரன் வாரக் கடைசி முழுவதும் அந்த வீட்டில் கிடந்தது இசைக்குழுவுக்காக என்று நினைத்திருந்தேன்.

கேட்டது: இரைச்சல். தொடக்கம் இல்லை. பொத்தானை அமுக்கிய கணத்தில் முழு உயரத்தில் நிற்கிறது. ஏறவில்லை, இறங்கவில்லை. தாளம் இல்லை, குரல் இல்லை. முதலில் தகரக்கூரை மேல் மழை என்று குறித்தேன். அடித்தேன். மழை ஓங்கும், ஓயும். இது எதுவும் செய்யவில்லை. எண்ணெய்ச் சட்டி என்று எழுதினேன். அதையும் அடித்தேன். பாதியில் நிறுத்தினேன்.

கமலா சமையலறையிலிருந்து: “என்னங்க அது, மிக்ஸியில கல்லு போட்ட மாதிரி?”

“சேரன் செஞ்சது.”

“இதுக்கா அவன் சம்பளத்தப் போட்டு சாமானா வாங்கி அடுக்குனான்? நான் கிளிஃப் மாதிரி பாடுவான்னுல்ல நெனச்சேன்.” கொஞ்சம் கழித்து, வாசலில் வந்து நின்று: “ஏன் நிப்பாட்டிட்டீங்க?”

ஆ சோ கேட்டதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. தீபாவளி முடியட்டும் என்று பார்த்தேன்.

16 அக்டோபர், புதன்

காலையில் வெயில். நகராண்மைக் கழகம்: சந்தையின் ஒழுகும் கூரை பற்றி மூன்றாம் முறையாகப் பேச்சு. கூரை இன்னும் ஒழுகுகிறது.

பினாங்கு ரோட்டில் காதர் பாய் கேசட் கடை. அவரிடம் பெரிய டெக் இருக்கிறது. போட்டார். முகம் மாறியது.

“அண்ணே, ஹெட்டு அழுக்கு.”

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தார். போட்டார். அதே இரைச்சல். மறுபடி துடைத்தார். வேறு டெக். அதுவும் அதேதான். ரப்பர் உருளையைத் துடைத்தார். தன் சொந்த நாகூர் பாட்டுக் கேசட்டைப் போட்டுப் பார்த்தார்; கணீரென்று பாடியது. மறுபடி என்னுடையது. இரைச்சல்.

“டேப்பும் நல்லாருக்கு, மிஷினும் நல்லாருக்கு. பெறகு என்னதான்ணே சீக்கு இதுக்கு?”

“இதுதான் பாய் பாட்டு.”

காதர் பாய் என்னையே பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வீட்டுல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”

இரண்டு பேர் செய்ததில் ஒருவர் செய்ததை மட்டும் தனியே எடுக்க முடியுமா என்று கேட்டேன். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் பதிந்திருந்தால் சுலபம் என்றார். பேலன்ஸ் குமிழை ஒரு பக்கம் முழுக்கத் திருகினால் மற்றது போய்விடும். வீட்டில் சேரனின் மிஷினில் செய்து பார்க்கச் சொன்னார்.

இது நடக்கும் போலிருக்கிறது.

19 அக்டோபர், சனி

மேகமூட்டம். சேரன் வேலைக்குப் போன பிறகு அவன் அறை. மிஷின் மேல் துண்டு போர்த்தி, துண்டின் மேல் தூசி. போன மாதத்திலிருந்து அவன் அதைத் தொடவில்லை.

இடப்பக்கம் மட்டும் வைத்துக் கேட்டேன். பிறகு வலப்பக்கம். தாளில் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தி. இடம்: அடியில் உறுமல், லாரி நின்று கொண்டு ஓடுவது போல. வலம்: அடியில் உறுமல். இடம்: மேலே மணல் சிந்துவது. வலம்: மேலே மணல். மதியச் சாப்பாடு வரை இதே வேலை. இரண்டு பத்தியும் ஒன்றுபோலவே நிரம்பின.

இதற்கிடையில் ஒரு விஷயம். பேரணிகளிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் பதிவு செய்த கேசட்டுகளில் எனக்கு வேண்டியது பேச்சு. கூட்டத்தின் இரைச்சல் வந்தால் ஓட்டிவிடுவேன். முப்பது வருடமாக அப்படித்தான். இந்தக் கேசட்டில் நான் ஓட்டிவிடும் பகுதி மட்டும் இருக்கிறது. யாராவது பேசத் தொடங்குவார்கள் என்று காது காத்துக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் காத்திருப்பதை விட்டுவிட்டேன். எப்போது விட்டேன் என்று குறிக்கவில்லை. அந்தப் பக்கத்தை முடிவு வரை கேட்டேன்.

பிடித்திருந்தது என்று எழுத முடியாது. எழுந்து போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

துண்டை இருந்தபடியே போர்த்தினேன்.

20 அக்டோபர், ஞாயிறு

மழை. கமலா முறுக்கு பிழியத் தொடங்கிவிட்டாள். சேரன் சமையலறை மேசையில் பசியாறிக்கொண்டிருந்தான். கேட்டேவிட்டேன்.

“உன் பங்கு எது, அவன் பங்கு எது?”

தலை தூக்கவில்லை. “என் மிஷின தொட்டீங்களா பா?”

“தொட்டேன். இடம் வலம் பிரிச்சிக் கேட்டேன்.”

சிரித்தான். அடக்கத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன் அவன் சிரிப்பை. “அது மோனோ லா பா. ஒரே மைக்கு, ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.”

பிறகு சொன்னான். ஒரு மாதத்தில் என்னோடு பேசியதை எல்லாம் சேர்த்தால் இவ்வளவு வராது. பூன் லெங் பங்கு: ரேடியோவில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே வரும் சத்தம், அவனே சால்டர் வைத்துச் செய்த பெட்டி வழியாக. சேரன் பங்கு: பழைய காற்றாடியின் முதுகில் ஒட்டிய மைக்கு. இரண்டையும் பூன் லெங் அறையில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அறை நடுவில் ஒரு மைக்கு வைத்துப் பதிந்தார்கள். அந்தப் பதிவை மறுபடி ஓடவிட்டு, அதன் மேலேயே இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து, மறுபடி பதிந்தார்கள். இப்படிப் பல தடவை. எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாமல் போகும் வரை.

“அப்பத்தான் நிறுத்தணும்னு பேசி வச்சிக்கிட்டோம். யாரோடதுன்னு தெரிஞ்சா அது இன்னும் முடியல. நாங்க இத சுவர்னுதான் சொல்வோம். செங்கலு தெரியக்கூடாது.”

“முதல்ல தனித்தனியா பதிஞ்சது?”

“அது மேலயேதான் அடுத்தது பதிஞ்சோம். நல்ல டேப்பு விலை பா.”

“வேற பிரதி?”

“ரெண்டு வாரம் கழிச்சி எடுக்கலாம்னு சொன்னான்.” தட்டை நகர்த்தினான். “அவன் இல்லாம இத வச்சி நான் என்ன பண்றது? ஆண்டி எரிக்கட்டும். எனக்கு வேணாம்.”

முறுக்கு உழக்கு நின்றது. கமலா திரும்பினாள்.

“எத எரிக்கிறது?”

சொல்ல வேண்டியதாயிற்று. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை.

“உசுரோட இருக்கிற புள்ள பேர எழுதி, அவன் சத்தத்த உள்ள வச்சி, செத்தவனுக்கு அனுப்புறதா? நம்ம வீட்டுல ஒரு சாவு விழுந்தா இருக்கிறவங்க சட்டப் பொத்தான்கூட பெட்டிக்குள்ள போவாம பாப்போம். நீங்க வேற பிரிச்சிக் குடுக்கிறேன்னு கெளம்பிட்டீங்க!”

“அந்த அம்மாவும் அதேதான் சொல்றாங்க. அதனாலதான் பிரிக்கச் சொல்றாங்க.”

கமலா அடுப்பை அணைத்தாள். “அவங்களே சொன்னாங்களா?”

“அவங்களேதான்.”

“அம்மா, நான் சாவ மாட்டேன் லா,” என்றான் சேரன்.

அவள் அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். விளையாட்டு அடி இல்லை.

27 அக்டோபர், ஞாயிறு

காலை மழை, மதியம் விட்டது. இடைப்பட்ட நாட்களில் குறிக்க எதுவும் இல்லை. மலர் ஆசிரியர் இரண்டு முறை போன். கட்டுரை இல்லை.

ஆ சோ வீட்டுக்கு. துக்க வீட்டார் பிறர் வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது, நாம்தான் போக வேண்டும். சேரன் வரவில்லை. கமலா தானும் வருவதாகச் சொன்னபோது எனக்கு ஆச்சரியம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் சாவு வீட்டுப் பக்கம் தலை வைக்க மாட்டாள். ஒரு டின் பிஸ்கட் எடுத்துக்கொண்டாள். மூடியில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பையில் வைத்தாள். சீனர் துக்க வீட்டுக்குச் சிவப்பு ஆகாது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

முன்னறையில் பூன் லெங்கின் படம், ஊதுபத்தி, ஆரஞ்சு. பெற்றவள் பிள்ளையைக் கும்பிடக்கூடாது என்பதால் ஆ சோவின் நாற்காலி படத்துக்குப் பக்கவாட்டில். ஊதுபத்தி ஏற்றுவது தங்கை சியூ லிங்தான். மூலையில் சடங்குக்கு வந்த தாள் சாமான்கள்: வீடு, ரேடியோ, காடி (கார்). பூன் லெங்கின் மாமா முதலில் தாளில் மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தாராம். ஆ சோ கடைக்கே திருப்பி அனுப்பி, காடியாக மாற்றி வாங்கினாராம்.

இரண்டு பெண்களும் சந்தை மலாயில் பேசிக்கொண்டார்கள். பீஹூன் விலை, மழை. சேரன் சாப்பிடுகிறானா என்று ஆ சோ கேட்டார். சாப்பிடுவதில்லை என்றாள் கமலா. எனக்கு அது தெரியாது.

கேசட்டைப் பூன் லெங்கின் மிஷினில் போட்டேன். ஆ சோ இதுவரை கேட்டதில்லை. மகன் கதவைச் சாத்திக்கொண்டு செய்வானாம். மடியில் கையை வைத்துக்கொண்டு முழுப் பக்கமும் கேட்டார். சியூ லிங் பாதியில் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். கமலா முதலில் முந்தானையால் காதை மூடினாள், பிறகு எடுத்துவிட்டாள். தன் மகனைத் தேடுகிறாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. எதிரே ஆ சோ முகத்திலும் அதே தேடல்.

முடிந்ததும் ஆ சோ என்னிடம்: “எது என் பையன்?”

காற்றாடி, ரேடியோ, கரைந்தது, எல்லாம் சொல்லலாம். உறுமல் உங்கள் மகன், மணல் என் மகன் என்று கை காட்டியிருக்கலாம். நம்பியிருப்பார். கமலாவும் நம்பியிருப்பாள். ஆனால் ஒருவர் சொல்லாததை அவர் வாயில் வைத்து நான் எழுதியதில்லை.

“தெரியல ஆ சோ. எத்தனையோ தடவ கேட்டேன். பிரிக்க முடியாது. அவங்களுக்கே தெரியாது. தெரியக்கூடாதுன்னுதான் செஞ்சிருக்காங்க.”

“உங்களாலயே முடியலயா?”

“முடியல.”

கமலா மலாயில், கையைப் பிடித்துக்கொண்டு: “அக்கா, என் பையன அனுப்பிராதீங்க.”

ஆ சோ அந்தக் கையை விலக்கவில்லை. “அவனுக்கு அங்க ஒண்ணும் இல்ல. தாள் ரேடியோ குடுத்தா அதுல போட்டுக் கேக்க என்ன இருக்கு? அவன் செஞ்சது இது ஒண்ணுதான்.” மிஷினிலிருந்து கேசட்டை எடுத்தார். “யோசிக்கணும். இது என்கிட்டயே இருக்கட்டும்.”

வாங்கிக்கொண்டு வரவில்லை. வாங்க எனக்கு என்ன உரிமை?



31 அக்டோபர், வியாழன்

காற்று, தூறல். மலர்க் கட்டுரை அனுப்பினேன். மோசம்.

கமலா தினமும் கோவில். சேரன் பேரில் அர்ச்சனை. அவன் மோட்டார் சைக்கிள் சாவி காணவில்லை. பஸ்ஸில் வேலைக்குப் போகிறான். சாவி எங்கே என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இல்லாதவன் ஏன் அவன் வரும் நேரத்துக்கு ஜன்னலில் நிற்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

சேரனிடம் ஞாயிறு ஏழாவது வாரச் சடங்குக்கு வருகிறாயா என்றேன்.

“நான் எதுக்கு?”

“உன் பேரும் அதுல இருக்கு.”

3 நவம்பர், ஞாயிறு

மழை இல்லாத நாள். வெயில் சுள்ளென்று. வந்ததும் எழுதுகிறேன், சட்டையில் இன்னும் புகை வாசனை.

மூவரும் போனோம். சேரன் வெள்ளைச் சட்டை, கமலா தேய்த்துக் கொடுத்தது. சந்தில் தகரப் பீப்பாய். பூசாரி மணி அடித்து ஓதி முடித்ததும் சியூ லிங்கும் சித்தப்பா பிள்ளைகளும் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். தாள் பணம், வீடு, காடி. காடி எரிய நேரம் ஆனது, மூங்கில் சட்டம். ஆ சோ தள்ளி, தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கேசட்.

ரேடியோ கடைசி. சியூ லிங் அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். மற்றக் கையை நீட்டினாள்.

கமலா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. சேரன் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான், அங்கிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆ சோ கொடுக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பூசாரி என்ன தாமதம் என்பது போல் திரும்பினார்.

“போ, ரேடியோவ மட்டும் போடு,” என்றார் ஆ சோ.

“கேக்க ஒண்ணும் இல்லாமயா மா?”

“அவன் அங்க வேற செஞ்சிக்குவான். அதுல கெட்டிக்காரன்.”

ரேடியோ பட்டென்று பிடித்து எரிந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், மற்றவர்களுக்கும் கேட்கும்படி: “சூராட் காபார், நீங்க பிரிக்க முடியலன்னு சொன்னீங்க. முடியலன்னா அவன் இங்கயும்தான் இருக்கான். இருக்கிறவன நான் ஏன் அனுப்பணும்?”

கமலாவுக்கு ஹொக்கியன் தெரியாது. நான் தமிழில் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே சாப்பாடு. மீ (நூடுல்ஸ்), டோஃபு, மரக்கறி. உறவினர் பத்துப் பன்னிரண்டு பேர். ஆ சோ கேசட்டை மிஷினில் போட்டுத் தானே பொத்தானை அமுக்கினார். சத்தம் முழு உயரத்தில் எழுந்தது. எல்லாச் சாப்பாட்டுக் குச்சிகளும் நின்றன. மாமா எழுந்து, மிஷின் தலையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“ரேடியோ கெட்டுப்போச்சி.”

“விடுங்க. அப்படித்தான்.”

“என்னது அப்படித்தான்?”

“பையனுங்க ரெண்டு பேரும் செஞ்சது. சாப்பிடுங்க.”

மாமா உட்கார்ந்தார். பிறகு பேச முடியாது என்பதால் கத்திப் பேசினார்கள். மீ நன்றாக இருக்கிறது என்று ஒருவர் கத்தினார். யாரோ சிரித்தார்கள். சேரன் வாசற்படியில், எங்களுக்கு முதுகு காட்டி, தட்டைத் தொடாமல். தோள் குலுங்குவது தெரிந்தது. கமலா எழுந்து போகப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள், தொடாமல்.

பக்கம் முடிந்தது. மிஷின் டக்கென்று நின்றது. கத்திக்கொண்டிருந்த ஒருவர் குரல் மட்டும் அறை நடுவில் தனியே நின்று, வெட்கப்பட்டு அடங்கியது.

ஆ சோ எழவில்லை. இருந்த இடத்திலிருந்து மலாயில் கூப்பிட்டார்.

“சேரன். மறுபக்கம் போடு.”

அவன் திரும்பவில்லை.

“என் கை எண்ணெய்,” என்றார். கையில் எண்ணெய் இல்லை.

சேரன் எழுந்தான். கையைச் சட்டையில் துடைத்தான். மிஷினைத் திறந்து, கேசட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து டேப் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தான். சுண்டுவிரலால் ஒரு சுற்று இறுக்கினான். திருப்பிப் போட்டான்.